நண்டுக் கம்பனியின் பைல் மட்டை

லோண்டரிக்காரர் இன்று காலை உன் வெள்ளைச் சேலைகள் மூன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நீ போய் இரண்டரை மாதம். அவருக்கு யாரும் சொல்லவில்லைப் போல. சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்ததும் கஞ்சி வாசம் அறை முழுக்க ஏறிவிட்டது. "மற்ற லோயரம்மா எடுக்க வரேல்ல, அதுதான் நானே கொண்டந்தனான்" என்றார். நான் காசைக் கொடுத்து அனுப்பினேன். உன் லோண்டரிக் காசையும் கடைசியில் நான்தான் கட்டினேன், பார்.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். நான் கோபமாகத்தான் இருக்கிறேன். ஒரு சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாய். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வராவிட்டால் நீதவானிடம் தவணை கேட்கலாம். இதற்கு நான் யாரிடம் போய்த் தவணை கேட்பது?

நாமிருவரும் இந்த அறையை எடுத்த நாள் நினைவிருக்கிறதா? நீதிமன்றத்துக்கு நடக்கிற தூரம். யன்னலைத் திறந்தால் உட்துறைமுகம். சட்டக் கல்லூரியில் ஒரே போர்டிங்கில் இருந்த இரண்டு பேர், இரண்டு மேசை, ஒரு அலுமாரி, கப்பல்துறையிலிருந்து சைக்கிளில் வரும் கிளாக்கர் சிவம் அண்ணை. வாடகையைப் பாதி பாதியாகக் கட்டினோம். அடிபட்டுக்கொள்ளும் இரண்டு தரப்பும் ஒரே படியில் ஏறி வந்தால் என்ன செய்வது என்பதுதான் முதல் பிரச்சினை. அதற்கு வழி கண்டுபிடித்தவள் நீ. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி நடுவில் கோடு போட்டாய். இந்தப் பக்கம் உன் கட்சிக்காரர், அந்தப் பக்கம் என் கட்சிக்காரர். புதிதாக யார் வந்தாலும் கொப்பியைப் பார்த்த பிறகுதான் கதிரையில் இருக்கச் சொல்லுவாய்.

"ஒரு அறையிலை ரெண்டு லோயர் இருக்கலாமடி. ரெண்டு பக்கமும் இருக்க ஏலாது" என்பாய்.

வெருகலிலிருந்து வேலி வழக்கோடு வந்த உன் சொந்த மாமாவையே திருப்பி அனுப்பினவள் நீ. அவருடைய பக்கத்துக் காணிக்காரர் என் பக்கத்துப் பட்டியலில் இருந்தார். "படிச்சுப்போட்டு வந்து எங்களையே வெளியிலை விடுறாள்" என்று மாமா படி முழுக்கத் திட்டிக்கொண்டு இறங்கினார். நீ தேத்தண்ணி குடித்துக்கொண்டு சிரித்தாய்.

இன்னொரு பழக்கமும் உனக்கு இருந்தது. கட்சிக்காரர் சொல்வதைப் பைல் மட்டையின் உட்பக்கத்தில், அவர்களுடைய வாய்மொழியிலேயே, பென்சிலால் எழுதி வைப்பாய். நீ என்ன புத்தி சொன்னாய், அவர் கேட்டாரா இல்லையா, எல்லாம் அதில் இருக்கும். "கட்சிக்காரர் மறப்பார், மட்டை மறக்காது." உன் மட்டையை வாசித்தால் வழக்கே பேசத் தேவையில்லை என்று சிவம் அண்ணை உன்னைச் சீண்டுவார்.

அப்படிப்பட்ட உன்னிடம்தான் நண்டுக் கம்பனி முதலாளி வந்தார். துறைமுகக் கரையில் அவருடைய தொழிற்சாலை. கிண்ணியாவிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வரும் நண்டை அவித்து, பெண்கள் இருந்து சதை எடுத்து, பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு பெண் சட்டத்தரணியிடம் கம்பனி வேலை கொடுக்க இந்த ஊரில் யாரும் துணியாத காலத்தில் அவர் உனக்குக் கொடுத்தார். வெருகல் ஆறு பெருகி உன் வீட்டுக் கூரை அள்ளுப்பட்ட வருஷம் லொறியில் தகரம் கொண்டுவந்து இறக்கினார். இதையெல்லாம் நானும் மறக்கவில்லை. சீசனுக்குச் சீசன் அவர் அனுப்பிய நண்டுக் கூடையில் பாதி என் குசினிக்கும் வந்ததுதானே.

அவருக்காக நீ அந்த உறுதிப் பத்திரம் எழுதிய காலையை இப்போது ஆயிரம் தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். டீசல் வரிசையும் மின்வெட்டுமாய் இருந்த வருஷம். எனக்கு முதல் வழக்கு. கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவளை நீ கூப்பிட்டாய்.

"எடி, ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டிட்டு ஓடு."

உன் மேசைக்கு முன்னால் முதலாளியும் அவருடைய மனைவியின் தம்பியும் இருந்தார்கள். எப்போதும் என்னைக் கண்டால் பகிடி விடுகிற முதலாளி அன்றைக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதைக் கவனித்தேன். கவனித்தும் நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டேன். ஒரு வரி வாசிக்கவில்லை. நம்மைப் போல நொத்தாரிசாகவும் இருக்கிற சட்டத்தரணி ஒரு உறுதி முடிக்க இரண்டு சாட்சி வேண்டும். இருபது வருஷத்தில் உன் உறுதிகளுக்கு நானும் என் உறுதிகளுக்கு நீயும் எத்தனை போட்டிருப்போம்! இந்த ஊரில் சாட்சிக் கையெழுத்து என்பது பக்கத்து வீட்டுக்குச் சீனி கடன் கொடுப்பது மாதிரி. என்னத்துக்கு என்று கேட்டால்தான் மரியாதைக் குறைவு.

எட்டு மாதத்தில் கம்பனி படுத்துவிட்டது. கம்பனியை மூடி, இருப்பதை விற்றுக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுப்பதற்கு நீதிமன்றம் ஒரு லிக்விடேற்றரை நியமித்தது. அதற்குப் பிறகுதான் றஹீமா என் மேசைக்கு வந்தாள். கிண்ணியாக்காரி. அவளோடு இன்னும் ஐந்து பெண்கள். பதினொரு வருஷமாக அங்கே நண்டு உடைத்தவள். விரல் நுனி எல்லாம் ஓடு கிழித்த தழும்பு. கடைசி மாதங்களின் சம்பளம், சேமலாப நிதி, ஒன்றும் வரவில்லை. நான் கொப்பியைப் பார்த்தேன். கம்பனி உன் பக்கத்தில் இருந்தது. உன்னைக் கேட்டேன்.

நீ யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "எடு. கம்பனிதான் மூடியாச்சே. இனி எனக்கு அதிலை ஒண்டுமில்லை."

அந்த இடத்தில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வசனம் போதும். நீ சொல்லவில்லை, நானும் உன் முகத்தைப் பார்த்துத் திருப்பிக் கேட்கவில்லை. வழக்கை எடுத்தேன்.

கம்பனியிடம் பெறுமதியாக இருந்தது தொழிற்சாலை நின்ற அந்தக் கரைக்காணி ஒன்றுதான். அது இருந்தால் பெண்களுக்கு ஏதாவது கிடைக்கும். காணிப் பதிவகத்தில் தேடினேன். அது முதலாளியின் மைத்துனருக்கு விற்கப்பட்டிருந்தது. விலைப்பணம் நொத்தாரிசின் முன்னிலையில் கொடுக்கப்படவில்லை, முன்னரே பெற்றுக்கொண்டதாக விற்பவர் ஒப்புக்கொண்டார் என்று எழுதி, கீழே உன் கையெழுத்தும் முத்திரையும். அதற்குப் பக்கத்தில், சாட்சியாக, என் கையெழுத்து. பதிவகத்துப் படிக்கட்டிலேயே இருந்துவிட்டேன். வெயில் காலைச் சுட்டது, எழும்ப மனம் வரவில்லை.

அன்று பின்னேரம் நாம் பிடித்த சண்டையைச் சிவம் அண்ணை வெளியில் நின்று கேட்டிருக்கிறார்.

"காசு கைமாறினதோ, இல்லையோ?"

"அது கட்சிக்காரர் எனக்குச் சொன்ன கதை. வெளியிலை விட ஏலாது. உனக்குத் தெரியாததோ?"

"ஆரடி உன்ர கட்சிக்காரர்? முதலாளியோ, கம்பனியோ?"

"ரெண்டும் ஒண்டுதானே. இந்த ஊரிலை ஆரிட்டையும் கேள். அவர்தான் கம்பனி."

கம்பனிச் சட்டத்தில் என்னைவிட உனக்குத்தான் கூடப் புள்ளி. கம்பனி வேறு ஆள், அதை நடத்துகிறவர் வேறு ஆள் என்பது நமக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். கடன் கட்ட முடியாமல் கம்பனி விழப்போகிற நேரத்தில் அதன் சொத்து முதலாளி வீட்டுச் சொத்து இல்லை. கடன் கொடுத்தவருக்கும் வேலை செய்தவருக்கும் அதில் பங்கு உண்டு. உன் வாய்க்குள் வைத்திருந்த இரகசியமும் முதலாளியுடையது இல்லை, கம்பனியுடையது. கம்பனி இப்போது லிக்விடேற்றரின் கையில். அவர் கேட்டால் நீ கொடுக்கத்தான் வேண்டும். இவ்வளவையும் நான் மூச்சு விடாமல் சொன்னேன். நீ என்ன சொன்னாய்?

"உப்புத் திண்டிட்டன். உனக்கு விளங்காது."

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம், யார் வேண்டாமென்றது? உன் சேலையை விற்று அவருக்குக் கொடுத்திருக்கலாம். உன் முத்திரையைக் கொடுத்தாய். அது உன்னுடையதுகூட இல்லை, சட்டம் உன்னை நம்பித் தந்தது.

மறுநாள் றஹீமாவைக் கூப்பிட்டு, அந்த உறுதியில் நான் சாட்சி, இந்த வழக்கில் இனி நான் நிற்க ஏலாது, வேறு சட்டத்தரணியிடம் போக வேண்டும் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப நீங்களும் அந்தப் பக்கம்தானா மிஸ்?" என்றாள். நான் விளங்கப்படுத்த வாயெடுத்தபோது அவள் படியிறங்கிவிட்டாள். அந்தக் கேள்வி உனக்கும் கேட்டது. நீ ஒரு பைலைப் புரட்டிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நாம் கதைக்கவில்லை. பத்தடி தூரத்தில் இரண்டு மேசை. "அம்மாட்டைக் கேளுங்கோ மின்விசிறியைக் குறைக்கட்டோ எண்டு" என்று சிவம் அண்ணை ஊடாகக் கதை. ஐம்பது வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. நீ ஆஸ்பத்திரியில் படுத்தபோது நான் வந்தனான். கட்டில் ஓரத்தில் இருந்து மழையைப் பற்றிக் கதைத்தோம், ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று நீ முறைப்பட்டாய். நாளைக்குக் கேட்போம் என்று நான் நினைத்தேன். நாளைக்குச் சொல்வோம் என்று நீ நினைத்தாயோ தெரியாது. நான்கு நாளில் எல்லாம் முடிந்தது.

உன் தம்பி வந்து சாவியைத் தந்தான். "அக்காவின்ர பைல் எல்லாம் நீங்களே பாத்து, ஆக்களிட்டைக் குடுத்திடுங்கோ." உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதுதானே முறை. ஒவ்வொன்றாகக் கொடுத்துவந்தேன். நண்டுக் கம்பனி பைலில் லிக்விடேற்றர் உனக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் இருந்தன. இரண்டுக்கும் நீ "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று பதில் போட்டிருந்தாய். கையெட்டும் தூரத்தில் இருந்த பைலை! மூன்றாவது கடிதம் என் பெயருக்கு வந்தது.

அது எப்படித் தெரிந்ததோ, அடுத்த கிழமையே முதலாளி வந்தார். தளர்ந்துபோயிருந்தார். உன் கதிரையில் இருந்தார். எழும்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"தங்கச்சி, அவ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. செத்தவவின்ர பேரைக் கெடுக்கக் கூடாது" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "பேப்பர் எல்லாத்தையும் குடுங்கோ, நான் மறிக்கேல்ல. மட்டை பழசுதானே. புதுசா ஒண்டு போட்டுக் குடுங்கோ."

உன் பழக்கம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. அவர் போன பிறகுதான் மட்டையை விரித்தேன். உன் சாய்ந்த எழுத்து.

"வங்கிக் கடன் கட்ட ஏலாது எண்டுறார். பெட்டையளின்ர சம்பளமும் நிக்குது. காணியை மச்சான்ர பேருக்கு எழுதட்டாம். காசு கைமாறாது. செய்யாதேங்கோ எண்டனான். கேக்கேல்ல."

கீழே, வேறொரு நாளில்: "எழுதிக் குடுத்திட்டன்."

அதற்கும் கீழே, இன்னும் சின்ன எழுத்தில்: "சாட்சி பக்கத்து மேசை. அவளுக்கு ஒண்டும் சொல்லேல்ல."

எடியே, என்ன வேலை செய்து வைத்தாய்? மட்டையை மாற்றினால் உன் பெயர் தப்பும். றஹீமாவுக்கு ஒன்றும் கிடைக்காது. நானும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்று ஊர் சொல்லிக்கொண்டே இருக்கும். மட்டையோடு கொடுத்தால் அவளுக்கு ஒரு பிடி கிடைக்கும், என் பெயர் கழுவுப்படும், உன் பெயர் போகும். கடமை என்று நான் செய்வது எனக்கே இலாபமாக வந்து முடிகிறது. இதைவிட மோசமான நிலையில் ஒரு சிநேகிதியை விட்டுப்போக முடியாது. மூன்று நாள் அந்த மட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னைத் திட்டினேன், பிறகு உன்னை ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று என்னைத் திட்டினேன்.

சிவம் அண்ணை தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றார். "நீங்கள் என்ன செய்தாலும் நான் வாய் திறக்கன் அம்மா" என்றார். வாசலடியில் திரும்பி, "பென்சிலாலைதானே எழுதினவ. மேசை லாச்சிக்கை அழிறப்பர் எப்பவும் கிடக்கும். அவ அழிக்கேல்லையே அம்மா" என்றார்.

அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. போன திங்கள் லிக்விடேற்றரிடம் பைலை மட்டையோடு கொடுத்து ரசீது வாங்கினேன். தமிழ் தெரிந்த மனிதர். மட்டையை இரண்டு தரம் வாசித்தார். "உங்களிட்டையும் ஒரு சத்தியக்கடதாசி வேணும்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வாங்குப் பலகையில் றஹீமா தன் புதிய சட்டத்தரணிக்காகக் காத்திருந்தாள். மட்டையில் என்ன இருந்தது என்று அவளுக்குச் சொன்னேன். காணி திரும்பி வருமா என்று கேட்டாள். தெரியாது, வழக்குப் பேச இப்போது ஆதாரம் இருக்கிறது என்றேன். தழும்பு விரல்களைப் பிசைந்துகொண்டாள்.

"இவ்வளவையும் எழுதத் தெரிஞ்சவக்கு, எங்களட்ட ஒரு சொல்லுச் சொல்லத் தெரியல்லையா மிஸ்?"

உனக்காக எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். அவளிடம் ஏலவில்லை. அவள் சொல்வது சரி. மட்டையில் உண்மையை எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைத்தாயா? அந்தப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, இதை நான் செய்ய ஏலாது, எழும்புங்கோ" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதாதா? மாமாவை அனுப்பியவளுக்கு முதலாளியை அனுப்ப முடியவில்லை. தகரம் இறக்கிய மனிதருக்கு முன்னால் வாய் கட்டுப்பட்டுவிட்டது. எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் கோபம் குறையவில்லை. என் வாயும் உனக்கு முன்னால் அப்படித்தானே கட்டுப்பட்டுக் கிடந்தது.

இன்று பின்னேரம் என் சத்தியக்கடதாசியில் சத்தியம் செய்து கையெழுத்துப் போட, அதை எடுத்துக்கொண்டு சமாதான நீதவான் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற தபாலதிபர், உனக்கும் தெரிந்தவர். "மிஸ், உங்களுக்குத் தெரியாததோ, போடுங்கோ" என்று பேனையை நீட்டினார். வாசியுங்கோ ஐயா, நான் கேட்கவேணும் என்றேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, தந்தி வாசிக்கிற குரலில் ஒவ்வொரு பந்தியாக வாசித்தார். ஐந்தாவது பந்தியில் கொஞ்சம் நின்றார்.

"மேற்படி உறுதியை நான் வாசிக்கவில்லை. அதற்குக் காரணம் அவசரம் அல்ல. கேட்டவர் என் சிநேகிதி."

"இது தேவையோ மிஸ்?" என்று கேட்டார். நீ இருந்திருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பாய். வழக்குக்கு இது உதவாதடி, எதிர்த்தரப்பு உன்னைப் பிடிச்சு உலுப்பும், வெட்டு என்று சொல்லியிருப்பாய். சட்டப்படி அது சரியான புத்திதான்.

நான் வெட்டவில்லை. கையெழுத்துப் போட்டேன்.